அரங்கும் அவையும்: ஸ்ட்ராட்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் அரங்கின் உள்ளமைப்பு மாற்றங்கள் (1932–2010)

முன்னுரை

நாடகம் படிக்கப்படும் பனுவலாகவும் நிகழ்த்தப்படும் கலையாகவும் இருவகையில் நிலைபெறுவது. தமிழ் நாடகத் திறனாய்வு பெரும்பாலும் முன்னதையே தன் பொருளாகக் கொண்டுள்ளது. கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு, உரையாடல், பாடல், சமுதாய நோக்கு ஆகியன ஆராயப்பெற்ற அளவிற்கு, ஒரு நாடகம் எத்தகைய கூடத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வகை ஒளியில் காணப்பட்டது என்பது ஆராயப்பெறவில்லை. ஒரு நாடகம் அவையோரைக் கவராது போயின், அதன் குறை ஆசிரியர் மீதோ நடிகர் மீதோ ஏற்றப்படுகிறது. கூடம் விசாரணைக்கு வருவதில்லை.

கூடமும் ஒரு பனுவலே. அதனை எழுதுவோரும் திருத்துவோரும் உளர். அதற்குப் பதிப்புகளும் பாடவேறுபாடுகளும் உண்டு. இவ்வாறு பலமுறை திருத்தி எழுதப்பெற்ற கூடங்களுள் தெளிவான வரலாறு உடையது, இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராகிய ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏவன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ராயல் ஷேக்ஸ்பியர் அரங்கு. 1932இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கின் உட்பகுதி 2010ஆம் ஆண்டு வரை பலமுறை மாற்றப்பெற்றது. மேடையைத் திருத்தித் தீர்க்க முயன்ற குறை, அவையைத் திருத்திய பின்னரே தீர்ந்தது என்பதை அம்மாற்றங்களின் வழி நிறுவுவதும், அம்முடிவு இந்திய அரங்க இலக்கணங்களோடு பொருந்துமாற்றைக் காட்டுவதும், தமிழ் நாடகத் திறனாய்வு இதனின்று பெறத்தக்கதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இங்கு ‘அரங்கு’ என்பது நிகழ்த்துவோர் இடத்தையும், ‘அவை’ என்பது காண்போர் இடத்தையும் குறிக்கும். இரண்டையும் உள்ளடக்கிய கட்டடம் ‘அரங்கக் கூடம்’ எனப்படும். நிறுவனங்களின் பெயர்களில் மட்டும் ‘அரங்கு’ எனும் சொல் கட்டடம் முழுவதையும் சுட்டி வரும்.

இலக்கணங்கள் கூறும் அளவுகள்

தமிழில் அரங்கின் அளவைக் கூறும் தலையாய சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. பொதியில் மலைச் சாரலில் வளர்ந்த மூங்கிலில் கோல் கொண்டு, பெருவிரல் அளவில் இருபத்துநான்கு கொண்டதை ஒரு கோல் என வகுத்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைக்கப்பெற்றதை அக்காதை கூறுகிறது. அரங்கப் பலகைக்கும் மேலிட்ட உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் உயரம், புகுவதற்கும் வெளிச்செல்வதற்கும் இரு வாயில்கள், மூவகை எழினிகள். பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொள்ளின், இது பதினான்கு அடி அகலமும் பதினாறு அடி நீளமும் உடைய சிறிய அரங்காகும்.

அரங்கை இத்துணை நுட்பமாக அளந்து கூறும் இளங்கோவடிகள் அவையின் அளவைக் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. எனினும் அவை முற்றிலும் மறக்கப்படவில்லை. தூணின் நிழல் இடையூறாக விழாதவாறு விளக்கு அமைக்கப்பெற்றது என்ற செய்தி காதையில் உண்டு. அந்நிழல் ஆடுமிடத்தில் மட்டுமன்றி அவையின்கண்ணும் படலாகாது என உரை மரபு விளக்குகிறது. காண்போரின் கண்ணுக்கு நேரும் தடையைக் களைவதும் அரங்க அமைதியின் ஒரு பகுதி என்ற உணர்வு இதனால் புலனாகிறது.

அவையின் அளவை வெளிப்படையாகக் கூறுவது பரதரின் நாட்டிய சாத்திரம். அதன் இரண்டாம் இயல் நாடகக் கூடங்களை நீள்சதுரம், சதுரம், முக்கோணம் என மூவகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பெரியது, இடைப்பட்டது, சிறியது எனப் பகுக்கிறது. மாந்தர்க்கு ஏற்றது அறுபத்துநான்கு முழ நீளமும் முப்பத்திரண்டு முழ அகலமும் உடைய இடைப்பட்ட கூடமே என்பது அந்நூலின் துணிபு. கூடம் அதனினும் பெரிதாயின் சொல் தெளிவாகக் கேளாது, முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு புலப்படாது என அதற்குக் காரணமும் கூறப்படுகிறது. அறுபத்துநான்கு முழ நீளத்தில் பாதி அவைக்கு உரியது. ஒரு முழத்தை ஒன்றரை அடியாகக் கொள்ளின், முப்பத்திரண்டு முழம் நாற்பத்தெட்டு அடி, அதாவது 15 மீட்டருக்குச் சற்றே குறைவாகும். கடைசி வரிசையில் அமர்பவர் அரங்கின் முன்விளிம்பிலிருந்து இதற்கு மேல் விலகியிருத்தல் ஆகாது என்பதே இவ்விதியின் பொருள்.

ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனிலும் இதனை ஒத்த அளவே வழங்கியது. 1599இல் எழுந்த குளோப் அரங்கைக் கட்டிய தச்சரே 1600இல் ஃபார்ச்சூன் அரங்கைக் கட்டுதற்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. அதன்படி அக்கட்டடம் வெளிப்புறம் எண்பது அடிச் சதுரம். உள்முற்றம் ஐம்பத்தைந்து அடிச் சதுரம். நாற்பத்துமூன்று அடி அகலமுள்ள மேடை முற்றத்தின் நடுப்பகுதி வரை நீண்டிருக்க வேண்டும். மேடையின் முன்விளிம்பிற்கு நேர் எதிரேயுள்ள மாடத்தின் கடைசிச் சுவர் நாற்பது அடித் தொலைவிலேயே இருந்தது எனக் கணக்கிடலாம். பரதரின் கூடத்தில் அவை அரங்கிற்கு எதிரே மட்டும் அமைய, ஃபார்ச்சூனில் அது மூன்று புறமும் சூழ்ந்து, மாடங்களாக மேலெழுந்தும் நின்றது. அமைப்பு வேறாயினும் தொலைவு ஏறத்தாழ ஒன்றே. இதனைத் தாக்கம் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. மனிதக் கண்ணும் செவியும் எங்கும் ஒரே எல்லை உடையன என்பதே இவ்வொப்புமையின் அடிப்படை.

1932: விசிறி வடிவ அவை

ஸ்ட்ராட்ஃபோர்டில் 1879இல் எழுந்த முதல் ஷேக்ஸ்பியர் நினைவு அரங்கு 1926 மார்ச்சு 6 அன்று தீக்கிரையாயிற்று. புதிய கட்டடத்திற்கென நடத்தப்பெற்ற போட்டியில் 1928ஆம் ஆண்டு வெற்றி பெற்றவர் எலிசபெத் ஸ்காட். பெண் ஒருவர் வடிவமைத்த முதல் பெரும் பொதுக்கட்டடம் என அது பிரித்தானியக் கட்டடக்கலை வரலாற்றில் இடம்பெறுகிறது. 1932 ஏப்ரல் 23 அன்று திறக்கப்பெற்ற அக்கட்டடத்தின் வெளித்தோற்றம் தொழிற்சாலையை ஒத்தது எனப் பலர் இகழ்ந்தனர். ஆயினும் முன்கூடமும் படிக்கட்டும் பளிங்கு, உலோகம், மரம் ஆகியவற்றால் இயன்ற நுண்வேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்றன.

குறை முன்கூடத்தில் இல்லை, அவையில் இருந்தது. அக்காலத்துப் புதிய படமாளிகைகளைப் போன்று அவை விசிறி வடிவில் விரிந்து, முழுவதும் மேடையை நேர்நோக்கி அமைந்தது. பக்கச் சுவர்கள் வெறுமையாக இருந்தன. மேடை படச்சட்டம் போன்ற வளைவிற்குள் ஒடுங்கியது. எல்லா இருக்கையிலிருந்தும் மேடை மறைப்பின்றித் தெரிதல் வேண்டும் என்பது அன்றைய நோக்கம், அந்நோக்கம் நிறைவேறியது. ஆயின் தெரிதல் வேறு, அண்மை வேறு. திரைப்படத்தில் நடிகரின் முகம் பெருகித் தோன்றுவதால் தொலைவு பொருட்டன்று. நாடகத்திலோ முகம் பெருகுவதில்லை. படமாளிகையின் அவையை நாடகத்திற்கு வழங்கியதே அவ்வடிவமைப்பின் அடிப்படைப் பிழை எனலாம்.

நடிகர்கள் இதனை விரைவில் உணர்ந்தனர். மேடையின் முன்விளிம்பிற்கும் முதல் வரிசைக்கும் இடையிலேயே கடல் ஒன்று கிடப்பது போன்ற உணர்வை அக்காலத்து நடிகர் ஒருவர் வெளியிட்டதாக அரங்க வரலாறுகள் குறிக்கின்றன. பக்கச் சுவர்களில் மனித முகங்கள் இல்லாமையால் சிரிப்பும் அமைதியும் அவையோரிடையே பரவவில்லை. நகைச்சுவைக்கும் தனிமொழிக்கும் இது பெருந்தடையாயிற்று. தனிமொழி அவையை நோக்கிப் பேசப்படுவது. எதிரே இருள் மட்டும் தெரியுமாயின் ஹாம்லெட்டின் ஐயம் தனக்குத்தானே முணுமுணுப்பதாகவோ உரக்க முழங்குவதாகவோ திரிந்துவிடும்.

மேடையைத் திருத்திய காலம்

1951இல், ஆண்டனி குவேல் இயக்குநராக இருந்த காலத்தில், உள்ளமைப்பின் முதல் பெருந்திருத்தம் நிகழ்ந்தது. மாடத்தின் இரு நுனிகளும் பக்கச் சுவர்களை ஒட்டி மேடையை நோக்கி நீட்டப்பெற்றன. வெறுஞ்சுவர் இருந்த இடத்தில் முகங்கள் தோன்றின. குறை மேடையில் மட்டுமன்றி அவையிலும் உள்ளது என்பதை முதலில் உணர்ந்த திருத்தம் இது. ஆயினும் இது நோயின் இடத்தைச் சரியாகக் கண்டு, மருந்தைச் சிறிதளவே கொடுத்ததாக முடிந்தது. நடுவிலுள்ள வரிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசி வரிசையின் தொலைவு குறையவில்லை.

1960களின் தொடக்கத்தில் பீட்டர் ஹால் பொறுப்பேற்று ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவை உருவாக்கினார். 1961இல் அரங்கும் ராயல் ஷேக்ஸ்பியர் அரங்கு எனப் பெயர் பெற்றது. அவர் காலத்தில் மேடைத்தளம் அவையை நோக்கிச் சரிவாக அமைக்கப்பெற்றது. மேடையின் முன்பகுதி படச்சட்டத்தைக் கடந்து நீட்டப்பெற்றது. நடிகர் அவையை நோக்கிச் சில அடிகள் நெருங்கினார். ஆனால் மூன்று புறமும் சூழ்வதற்கென உருவான முன்னீண்ட மேடையை நேர்நோக்கி மட்டும் அமைந்த அவைக்குள் செலுத்தும்போது, அது பாலமாவதில்லை. நீண்ட பலகையாகவே நின்றுவிடுகிறது. விளிம்பில் நிற்கும் நடிகர் முன்வரிசையினர்க்கு அண்மையராகவும், மாடத்தின் கடைசி வரிசையினர்க்கு முன்போலவே சேயராகவும் இருந்தார்.

1976இல் ஜான் நேப்பியரும் கிறிஸ் டையரும் மேடையைச் சுற்றி மரத்தாலான மாடங்களை எழுப்பி, அவையோருள் ஒரு பகுதியினரை மேடைப்பகுதியிலேயே அமர்த்தினர். எலிசபெத் காலத்து அரங்கின் சாயலைப் படச்சட்ட மேடைக்குள்ளேயே உருவாக்கும் முயற்சி இது. மேடையில் அமர்ந்தோர் நடிகரைச் சூழ்ந்தனர். எதிரே விசிறியாக விரிந்திருந்தோர் அச்சூழலைத் தொலைவிலிருந்து கண்டனர். அண்மை உண்மையில் உருவாகியும், பெரும்பாலோர்க்கு அது காட்சியாக மட்டுமே எஞ்சியது.

இக்குறையுடைய கூடத்திலும் சிறந்த படைப்புகள் நிகழ்ந்தன என்பதை மறுத்தல் ஆகாது. 1970இல் பீட்டர் புரூக் இயக்கிய ‘கோடை நள்ளிரவுக் கனவு’ இம்மேடையிலேயே நிகழ்ந்தது. வெண்ணிறப் பெட்டி போன்ற களத்தில், ஊஞ்சல்களும் மேல்விளிம்பில் நின்று நோக்கும் நடிகர்களுமாக அமைந்த அப்படைப்பின் முடிவில், நடிகர்கள் மேடையை விட்டிறங்கி அவையோரிடையே புகுந்து கைகுலுக்கினர். அந்நிகழ்வு நட்புக் குறிப்பு மட்டுமன்று. கட்டடம் கடக்கவியலாத தொலைவை நடிகரின் கால்கள் கடந்த தருணமும் ஆகும். பேராற்றல் உடைய இயக்குநர் கூடத்தை வெல்லக்கூடும். ஆயின் ஒவ்வொரு நாடகமும் முதலில் கூடத்தை வென்ற பின்னரே தொடங்க வேண்டும் என்னும் நிலை, நல்ல கூடத்திற்கு இலக்கணம் ஆகாது.

தகரக் கொட்டகையும் பழைய ஓட்டிற்குள் புதிய அரங்கும்

பெரிய கூடத்திற்குள் விடை கிட்டாத வினாவிற்கு விடை அதன் வெளியே கிடைத்தது. 1974இல் பஸ் குட்பாடி என்ற இளம் பெண் இயக்குநரின் பொறுப்பில், பெரிய அரங்கிற்குச் சற்றுத் தொலைவிலிருந்த தகரக் கொட்டகை ஒன்று ‘தி அதர் பிளேஸ்’ என்னும் பெயரில் நாடக இடமாயிற்று. அங்கு அலங்கார முன்கூடமோ படச்சட்டமோ இல்லை. 1975இல் அவர் இயக்கிய ‘ஹாம்லெட்’டும், 1976இல் டிரெவர் நன் இயக்கத்தில் இயான் மெக்கெல்லனும் ஜூடி டென்ச்சும் நடித்த ‘மேக்பெத்’தும் அங்கு நிகழ்ந்தன. மேக்பெத்தில் தரையில் வரையப்பெற்ற ஒரு வட்டமே களம். தம் முறை வராத நடிகர்கள் அதனைச் சுற்றி அமர்ந்திருந்தனர். முணுமுணுப்பும் கேட்டது, கண்ணசைவும் தெரிந்தது. பெரிய அரங்கில் மர மாடங்கள் எழுப்பப்பெற்ற அதே ஆண்டில், அதே குழு, தகரக் கொட்டகையில் எளிதாகப் பெற்றதை அங்குப் பெரும் பொருட்செலவில் தேடியது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் தலையாயது.

அடுத்த படி 1986இல் நிகழ்ந்தது. 1926ஆம் ஆண்டுத் தீயில் எஞ்சிய பழைய நினைவு அரங்கின் அவைப்பகுதிச் சுவர்கள் ஒத்திகைக் கூடமாகப் பயன்பட்டு வந்தன. ஓர் அமெரிக்கக் கொடையாளரின் உதவியோடு, மைக்கேல் ரியர்டன் வடிவமைப்பில், அச்சுவர்களுக்குள் ஸ்வான் அரங்கு எழுந்தது. முற்றிலும் மரத்தாலான உள்ளமைப்பு, நடுவில் நீண்ட மேடை, மூன்று புறமும் அடுக்கு மாடங்கள் என அமைந்த அச்சிற்றரங்கு நடிகரும் அவையோரும் ஒருங்கே விரும்பும் இடமாயிற்று. தகரக் கொட்டகை தந்த அண்மையைச் சற்றுப் பெரிய அவைக்கும் தரவியலும் என்பதற்கு அது சான்றாயிற்று. ஒரே கட்டடத் தொகுதியின் முன்பகுதியில் சேய்மை உடைய பெரிய அரங்கும் பின்பகுதியில் அண்மை உடைய சிற்றரங்கும் அருகருகே நின்றமையால், ஒப்பீடு தவிர்க்கவியலாததாயிற்று.

இடித்தலும் திருத்தலும்

2001இல் குழுவின் இயக்குநராக இருந்த ஏட்ரியன் நோபிள், 1932ஆம் ஆண்டுக் கட்டடத்தை இடித்துப் புதிய அரங்கத் தொகுதி எழுப்பும் திட்டத்தை முன்வைத்தார். கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாதலின் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2002இல் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்த மைக்கேல் பாய்ட் காலத்தில் இடிக்கும் திட்டம் கைவிடப்பெற்றது. பென்னெட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில், வெளிச்சுவரையும் முகப்பையும் 1932ஆம் ஆண்டின் முன்கூடத்தையும் பேணி, அவையை மட்டும் முற்றிலும் அகற்றிப் புதிதாக அமைப்பது என முடிவாயிற்று.

இம்முடிவில் இரண்டு செயல்கள் கருதத்தக்கன. முதலாவது, புதிய அவை காகிதத்தில் மட்டும் வரையப்படாமல் முழு அளவில் முன்னரே கட்டிச் சோதிக்கப்பெற்றது. 2006இல் வண்டி நிறுத்துமிடம் இருந்த நிலத்தில், ஏறத்தாழ ஆயிரம் இருக்கைகளோடு ‘கோர்ட்யார்டு’ என்னும் தற்காலிக எஃகு அரங்கு எழுந்தது. பெரிய அரங்கு 2007இல் மூடப்பெற்றபின் குழுவின் முதன்மை நாடகங்கள் அங்கேயே நிகழ்ந்தன. ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகத் தொடர் முழுவதும் அதன் மேடையில் நடிக்கப்பெற்றது. எந்த இடத்தில் குரல் தேய்கிறது, எந்த இருக்கையிலிருந்து முகம் மறைகிறது என்பன நாள்தோறும் நடிப்பின் வழியே அறியப்பெற்றன. இரண்டாவது, பேணுதலுக்கும் மாற்றுதலுக்கும் இடையே எல்லை தெளிவாக வகுக்கப்பெற்றது. நினைவிற்குரியது முகப்பும் முன்கூடமும், பயன்பாட்டிற்குரியது அவை. முன்னதைப் பேணினர், பின்னதை மாற்றினர்.

2010 நவம்பரில் அரங்கு மீண்டும் திறக்கப்பெற்றது. 2011 மார்ச்சில் அரசி இரண்டாம் எலிசபெத் முறைப்படி திறந்துவைத்தார். திட்டத்தின் மொத்தச் செலவு 11 கோடியே 28 லட்சம் பவுண்டு. நீண்ட மேடையை மூன்று புறமும் தளவரிசைகளும் இரு மாடங்களும் சூழ்ந்தன. முன்னர் 1,400ஐ ஒட்டியிருந்த இருக்கைகள் 1,040 அளவிற்குக் குறைந்தன. மேடைக்கும் கடைசி இருக்கைக்கும் இடையிலான தொலைவு 27 மீட்டரிலிருந்து 15 மீட்டராகக் குறைந்தது.

இவ்விரு குறைவுகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். இருக்கைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே குறைந்தன. தொலைவோ ஏறத்தாழப் பாதியாயிற்று. எதிரே மட்டும் அமர்த்தும் அவையில் கூட்டம் பெருகப் பெருக வரிசை பின்னோக்கியே செல்லும். சூழ அமர்த்தும் அவையில் கூட்டம் பக்கங்களிலும் மேலும் பரவும். பரதரின் தொலைவை மீறாமலே அவர் கூடத்தினும் பெரிய கூட்டத்தை ஏற்கும் வழி இதுவே. நாட்டிய சாத்திரம் வரையறுத்த நாற்பத்தெட்டு அடிக்கும், எழுபத்தெட்டு ஆண்டுப் பட்டறிவிற்குப் பின் ஸ்ட்ராட்ஃபோர்டு எய்திய 15 மீட்டருக்கும் வேறுபாடு ஓரடி அளவினதே.

பெற்றதும் இழந்ததும்

மாற்றம் இழப்பற்றதன்று. மூன்று புறமும் காண்போர் இருக்கையில், நடிகர் எப்போதும் ஒரு பகுதியினர்க்கு முதுகு காட்டியே நிற்க நேரும். ஆதலின் ஓயாது திரும்பவும் நகரவும் வேண்டியுள்ளது. சில வேளைகளில் இந்நகர்வு நாடகத்தின் தேவையினின்று எழாமல் மேடையின் தேவையினின்று எழுந்ததாகத் தோன்றும். சொற்கள் திசைக்கேற்பத் தேய்தலும் உண்டு. ஓவியம் போன்ற காட்சியமைப்பும், ஒரே கோணத்தில் முழுமை பெறும் மேடைக் கூட்டமைவும் இவ்வமைப்பில் அரிது. படச்சட்ட மேடைக்கென எழுதப்பெற்ற பிற்கால நாடகங்கள் இங்கு இயல்பாகப் பொருந்துவதில்லை. ஷேக்ஸ்பியரை முதன்மையாகக் கொண்ட ஓர் அரங்கிற்கு ஏற்ற விடை எல்லா அரங்கிற்கும் விடையாகாது.

மற்றொரு கருத்தும் ஆராயத்தக்கது. புதிய அவையைப் பழமைக்குத் திரும்புதல் எனச் சிலர் கருதுவர். 1997இல் இலண்டனில் திறக்கப்பெற்ற குளோப் அரங்கு அத்தகைய மீட்டுருவாக்கம். திறந்த முற்றமும் நாணற்கூரையும் அதன் அடையாளங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு அவ்வாறன்று. எஃகும் செங்கல்லும் புலப்பட, மின்னொளியும் மேடைப் பொறிகளும் கொண்டு, இக்காலக் கட்டடமாகவே அது நிற்கிறது. பழமையிலிருந்து அது பெற்றது தோற்றத்தையன்று, உறவை மட்டுமே. ஆதலின் இதனை மீட்சி என்பதினும் மறுவாசிப்பு என்பதே பொருந்தும்.

கடந்தகாலம் துடைத்தழிக்கப்படவும் இல்லை. பழைய மேடையின் மரப்பலகைகள் அவையோர் நடந்து செல்லும் தளத்தில் பதிக்கப்பெற்றன. முன்பு நடிகர் கால்பட்ட பலகை இன்று காண்போர் காலடியில் உள்ளது. அரங்கிற்கும் அவைக்கும் இடையிலிருந்த பிரிவைக் கைவிட்ட ஒரு கட்டடத்திற்கு இதனினும் பொருத்தமான நினைவுக்குறி அரிது.

இந்திய அரங்கும் தமிழ்த் திறனாய்வும்

விடுதலைக்குப் பின் இந்திய நகரங்களில் எழுந்த பொது அரங்குகளுள் பெரும்பாலானவை, தாகூர் நூற்றாண்டாகிய 1961ஐ ஒட்டிப் பல மாநிலங்களில் கட்டப்பெற்றவை உட்பட, படச்சட்ட மேடையையும் நேர்நோக்கிய அவையையும் கொண்டன. நாடகம், இசை, நடனம், அரசு விழா, பட்டமளிப்பு ஆகிய அனைத்திற்கும் ஒரே கூடம் என்ற தேவை, எதற்கும் முழுமையாகப் பொருந்தாத கூடங்களை ஈன்றது. இதற்கு எதிர்வினையாற்றிய இயக்குநர்களும் தோன்றினர். தில்லியில் இப்ராஹிம் அல்காசி 1963இல் ‘அந்தா யுக்’ நாடகத்தை ஃபெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளிடையே நிகழ்த்தினார். கொல்கத்தாவில் பாதல் சர்க்கார் 1970களில் படச்சட்ட மேடையை விட்டு வெளியேறி, மூன்றாம் அரங்கை உருவாக்கினார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் நவீன நாடகத்திற்கு ஓர் உந்துதலாயிற்று. 1977இல் தோன்றிய கூத்துப்பட்டறை தெருக்கூத்தின் களத்தோடு உறவுகொண்டது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் 1974ஆம் ஆண்டுத் தகரக் கொட்டகை கற்பித்த பாடம் 1986இல் ஸ்வான் அரங்கிற்கும், 2010இல் பெரிய அரங்கிற்கும் சென்று சேர்ந்தது. வெளியேறியவர்களின் பட்டறிவு கூடத்தையே திருத்தியது. இந்தியாவில் அல்காசியும் பாதல் சர்க்காரும் தமிழ் நவீன நாடகத்தாரும் பெற்ற பட்டறிவு, அவர்கள் விட்டு வெளியேறிய பெரிய கூடங்களை மாற்றியதற்குச் சான்று அரிது. கூடங்கள் புதுப்பிக்கப்படும்போது இருக்கை, குளிர்சாதனம், ஒலிபெருக்கி, முகப்பு விளக்கு ஆகியன மாறுகின்றன, தொலைவு மாறுவதில்லை. எட்டாத குரலை ஒலிபெருக்கி எட்டச் செய்கிறது. எட்டாத முகத்தை எட்டச் செய்யும் கருவியை நாடகம் ஏற்குமாயின் அது படமாளிகையாகிவிடும்.

புதுப்பித்தலின் நோக்கமும் இங்குப் பகுத்தறியத்தக்கது. 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிவைத்த மும்பை ராயல் ஆப்பரா மாளிகை, பின்னர்த் திரைப்பட அரங்காகி, 1993இல் மூடப்பெற்று, 2016இல் பழைய எழிலோடு மீண்டும் திறக்கப்பெற்றது. அங்கு நோக்கம் இழந்த உருவத்தை மீட்பது; ஸ்ட்ராட்ஃபோர்டில் நோக்கம் இல்லாத உறவை உருவாக்குவது. இரண்டும் மதிக்கத்தக்கனவே. ஆயினும் ஒன்றற்குரிய அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் பிழையாகும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இது அயலான செய்தியன்று. தெருக்கூத்தின் களரியில் ஆடுவோரை ஊரார் மூன்று புறமும் சூழ்ந்து அமர்கின்றனர். இருவர் பிடித்த திரையின் பின்னிருந்து பாத்திரம் வெளிப்படுகிறது. விளக்கொளி எட்டும் தொலைவே அவையின் எல்லை. படச்சட்ட மேடை பிற்காலத்து வரவு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த காலம் தொட்டு, அம்மேடையின் தேவைக்கேற்ப உரையாடலின் நீளமும் காட்சிப் பகுப்பும் நடிப்பின் உரப்பும் எவ்வாறு மாறின என்பது பனுவல்களையும் கூடங்களையும் ஒருசேர நோக்கினாலன்றி விளங்காது.

முடிவுரை

1932 முதல் 2010 வரையிலான ஸ்ட்ராட்ஃபோர்டு வரலாறு, ஒரு கூடத்தின் குறை அழகின் குறையன்று, உறவின் குறை என்பதைப் புலப்படுத்துகிறது. மேடையைச் சரித்தும் நீட்டியும் அதன்மேல் மாடம் எழுப்பியும் தீராத அக்குறை, அவையோர் அமரும் இடத்தை மாற்றிய பின்னரே தீர்ந்தது. அம்முயற்சி எய்திய தொலைவு நாட்டிய சாத்திரம் விதித்த தொலைவோடு ஒத்திருத்தல், அரங்க இலக்கணங்கள் வெறும் சடங்கு விதிகள் அல்ல, பட்டறிவின் பதிவுகள் என்பதற்குச் சான்றாகும்.

ஒரு நாடக நிகழ்வை மதிப்பிடும் திறனாய்வாளர் கடைசி இருக்கையின் தொலைவையும், அவை அரங்கை எத்தனை புறம் சூழ்கிறது என்பதையும், ஒலிபெருக்கியின்றிக் குரல் எட்டும் எல்லையையும் பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், நடிகரின் குறை எது, கூடத்தின் குறை எது என வேறுபடுத்த இயலும். பொது அரங்குகள் புதுப்பிக்கப்படும்போது பொறியாளரோடும் நிதியாளரோடும் நாடக ஆய்வாளரும் உடனிருந்து கருத்துரைக்க வேண்டிய தேவையும் இதனால் பெறப்படும். தூணின் நிழல் காண்போர்மேல் விழலாகாது எனக் கருதிய மரபு தமிழ் மரபு. அந்நிழலை அளக்க முற்பட்ட அதே அக்கறை, தொலைவை அளக்கவும் முற்படுதல் தகும்.